க இல்லாத கார்டு

மேடையிலிருந்து இறங்கப் போட்டிருந்த பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, என் கணவர் வலது கையில் கீபோர்டை அணைத்துப் பிடித்திருந்தார். அதை அவர் விடவில்லை. இடது கையை ஊன்றிக்கொண்டு விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தவர்களின் இரைச்சல்தான் இருந்தது. தரையில் உட்கார்ந்தபடி அவர் சொன்னது மட்டும் கேட்டது.

"கீபோர்டு நல்லாருக்கான்னு பாரு."

நான் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியின் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அவர் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறார். இது போக, கல்யாண ரிசப்ஷன், வளைகாப்பு, சர்ச் விழா என்று யார் கூப்பிட்டாலும் இரண்டு பேரும் போவோம். நான் பாடுவேன், அவர் வாசிப்பார். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் சத்தம் பிடிக்காத வீட்டார்தான் எங்களைத் தேடி வருவார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் மேடையில் வேறு யாருடைய வாசிப்புக்கும் பாடியதில்லை. அப்படி ஒரு கொள்கை எல்லாம் கிடையாது. அதற்கு அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. ஒன்று மூட்டுக்குள்ளேயே போயிருந்தது. கட்டுப் போட்ட டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கூடிரும். ஆனா பழைய மாதிரி கை விரியுமான்னு கட்டுப் பிரிச்சாத்தான் சொல்ல முடியும்" என்றார். என் கணவர் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. 

கட்டுப் பிரிப்பதற்கு முந்தின வாரத்தில் வரும் ஒரு ஸ்ரீவில்லிபுத்தூர் ரிசப்ஷனை முன்பே ஒப்புக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் கச்சேரியை ஒரு சொந்தக்கார வீட்டு விசேஷத்தில் கேட்டிருக்கிறார். அன்று நான் பாடிய ஒரு பழைய மெலடிப் பாட்டு அவருடைய மனதில் நின்றுவிட்டது. தேதி குறித்ததும் முதலில் எங்களுக்குத்தான் போன் பண்ணினார். "மத்த பாட்டெல்லாம் நீங்க எதை வேணாலும் பாடுங்கம்மா. அந்தப் பாட்டு மட்டும் கண்டிப்பா வேணும். அதுக்காகத்தான் உங்களைக் கூப்பிடுதேன்."

"வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிரு" என்றார் என் கணவர்.

அது நல்ல முகூர்த்த நாள். மதுரைக்கும் செங்கோட்டைக்கும் இடையில் எனக்குத் தெரிந்த எல்லா வாசிப்புக்காரர்களையும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருவர்கூடச் சும்மா இல்லை. அந்த அம்மாவிடம் வர முடியாது என்று சொல்ல இரண்டு தடவை போனை எடுத்தேன். இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். எனக்குப் பாட வேண்டும் என்றிருந்தது. எங்கள் வீட்டில் அப்போது அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

தளவாய்புரத்தில் எங்களுக்கு ஒரு நண்பர் உண்டு. அவரும் கீபோர்டு வாசிப்பவர். அவருக்கும் அன்றைக்கு வேறு ஊரில் கச்சேரி. ஆனால் ஒரு மாலை அவர் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தார்.

"மதினி, இதுல துணைக்கு வாசிக்கிற சாஃப்ட்வேர் இருக்கு. கட்டம் கட்டமா இருக்குல்ல, ஒவ்வொரு கட்டத்துலயும் கார்டு பேரை டைப் அடிச்சா போதும். பேஸ், கிட்டார், வயலின் எல்லாம் அதுவே வாசிச்சிரும். அண்ணாச்சி கை சரியாவுற வரைக்கும் வச்சுக்கோங்க."

கார்டு என்றால் பாட்டுக்கு அடியில் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கிற சில சுரங்கள். என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து, கழுத்திலிருந்து துணியில் தொங்கிய கையை மடியில் வைத்தபடி திரையைப் பார்த்தார்.

"நான் ஜி மேஜர்னு அடிச்சா அது என்ன வாசிக்கும்?"

"ஜி மேஜர்தான் வாசிக்கும் அண்ணாச்சி."

"ஜி மேஜர்லயே எம்புட்டு வகை இருக்கு" என்றார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நண்பர் என்னைப் பார்த்தார். நான் காப்பி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆபீஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில்தான் வேலை என்பதால் அது பயமாக இல்லை. பாட்டுக்கு என்ன கார்டு என்று அவரிடம் கேட்டேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். அடித்தேன். பொத்தானை அழுத்தினேன். டிரம்ஸ் வந்தது, கிட்டார் வந்தது, பின்னால் வயலின்கள் வந்தன. உண்மையைச் சொன்னால், கேட்க நன்றாகவே இருந்தது. பாடத் தொடங்கினேன்.

அந்தப் பாட்டின் பல்லவியில் ஒரு இடம் உண்டு. குரல் மேலே போய் ம என்ற சுரத்தில் நிற்கும். நின்று, மெதுவாகப் பக்கத்துச் சுரமான க-வுக்கு இறங்கும். பாட்டின் உயிரே அந்த நிற்பதிலும் இறங்குவதிலும்தான் இருக்கிறது. நான் ம-வில் நின்றேன். மென்பொருள் ஜி மேஜரை வாசித்தது. நான் பாடுகிற சுருதிக்கு அதற்குள் ச, க, ப மூன்றும் இருந்தன. ம-வுக்கும் க-வுக்கும் நடுவில் அரைச்சுர இடைவெளிதான். நான் ஒன்றைப் பிடித்து நிற்க, அதன் தோளை உரசியபடி இன்னொன்று ஒலித்தது. என் குரல் கீழே இழுபட்டது. மறுபடி பாடினேன். மறுபடியும் இழுபட்டது.

எத்தனையோ மேடையில் பாடிய பாட்டு. ஒரு தடவைகூட அந்த இடத்தில் நான் தடுமாறியதில்லை.

"நீங்க அந்த எடத்துல என்ன வாசிப்பீங்க?"

"ஜி தான்."

"இதுவும் ஜி தான் வாசிக்குது."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று செய்தித்தாளைத் திருப்பினார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆபீஸுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

மதிய இடைவேளையில் தளவாய்புரத்து நண்பருக்குப் போன் பண்ணினேன். அவர், "வாய்சிங்னு ஒரு மெனு இருக்கும், அதைப் பாருங்க மதினி" என்றார். வாய்சிங் என்றால் பாடுகிற குரல் சம்பந்தப்பட்டது என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். கார்டில் உள்ள சுரங்களில் எது கீழே உட்கார வேண்டும், எது மேலே, எதற்கும் எதற்கும் நடுவில் எவ்வளவு இடம், எதை விட்டுவிடலாம் என்பதுதான் வாய்சிங்காம். ஒரே கார்டு, உட்காருகிற வரிசை மாறினால் வேறு சத்தம். சாயங்காலம் வீட்டில் திறந்து பார்த்தால், அந்த மெனுவில் நெருக்கமாக, பரவலாக என்று சில வழிகள்தான் இருந்தன. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். க இடம் மாறி மாறி உட்கார்ந்ததே தவிர, எழுந்து போகவில்லை.

இப்படியே ஒரு வாரம் போனது. காலையில் நான் அதோடு மல்லுக்கட்டுவேன். அவர் வெளித் திண்டில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளின் வகுப்பை நிறுத்தியிருந்தார். வலது கையால் சொல்லிக்கொடுக்கலாமே என்று ஒரு தாய் கேட்டதற்கு, கட்டுப் பிரிக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு இட்லியை ஒரு கையால் பிய்க்கத் தெரியாதவர் மாதிரி நெடுநேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். கையை விரித்து மடக்கும்படி டாக்டர் சொல்லியிருந்த விரல் பயிற்சியைச் செய்தீர்களா என்று கேட்டால், செய்தேன் என்பார். செய்ததை நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் வெடித்தது. நான் சேலைகூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன்.

"அதை மூடு" என்றார்.

"இன்னும் பாட்டு ரெடியாகல."

"மூடுன்னு சொன்னேன். நாளைக்கு அது நல்லா வாசிச்சிட்டா, பொறவு நான் எதுக்கு? மேடைக்கு நீ அதைத் தூக்கிட்டுப் போனாப் போதும்."

"அது நல்லா வாசிச்சிருந்தா நான் ஏன் உங்ககிட்ட தினமும் வந்து நிக்கேன்?"

நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"உங்க கை சரியாவுற வரைக்கும் நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா? சரியாகலன்னா? அப்பவும் மூடிக்கிட்டு இருக்கணுமா?"

சரியாகவில்லை என்றால் என்ற வார்த்தையை அந்த வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தம் வராமல் சாத்தினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. அப்புறம் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை நான் வேறொன்றை முயன்று பார்த்தேன். கார்டு பேருக்குப் பின்னால் 'சஸ்' என்று சேர்த்தால் க போய்விடும் என்று நண்பர் சொல்லியிருந்தார். சேர்த்தேன். போய்விட்டது. ஆனால் அதன் இடத்தில் ம வந்து உட்கார்ந்தது. நான் ம பாட, அதுவும் ம பாடியது. உரசல் இல்லை. ஆனாலும் என்னோடு இன்னொருத்தி சேர்ந்து பாடுவது போலவும், அவள் எனக்கு முன்னால் இறங்கிப் போய்விடுவது போலவும் இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். அடுக்களையில் அவர் ஒரு கையால் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அதுல ம-வைச் சேத்துட்ட" என்று அங்கிருந்தே சொன்னார்.

நான் கையை எடுத்தேன்.

"ம உன்னுது. அதை அது தொடக் கூடாது."

டம்ளரோடு வந்து என் பின்னால் நின்றார். 

"நான் அங்க ச-வும் ப-வும் மட்டுந்தான் வாசிப்பேன்" என்றார். "சுண்டுவிரல் கீழ ச-வுல. நடுவுல ப. கட்டைவிரலை மேல இருக்க க-வுக்கு நேரா வச்சிருப்பேன், அழுத்த மாட்டேன். நீ ம-வை விட்டு எறங்குவேல்ல, உன்னோட சேர்ந்து அழுத்துவேன்."

இத்தனை வருஷமும் அவருடைய இடது பக்கத்தில் நின்று பாடியிருக்கிறேன். அந்தக் கட்டைவிரல் காற்றில் நிற்பதைப் பார்த்தும் இருக்கிறேன். அது எனக்காக நிற்கிறது என்று தெரியாது.

அன்றிலிருந்து இருவருமாக உட்கார்ந்தோம். வேலை அப்படியும் லேசில் முடியவில்லை. ச-வும் ப-வும் மட்டும் உள்ள கார்டுக்கு ஒரு குறியீடு உண்டு. ஜி-க்குப் பக்கத்தில் 5 என்று போட வேண்டும். போட்டோம். பேஸ் சொன்னபடி கேட்டது, கிட்டாரும் கேட்டது. வயலின் மட்டும் கேட்கவில்லை. நாங்கள் எடுத்திருந்த பாணியில் வயலினுக்கென்று எழுதிவைத்திருந்த விதி ஏதோ, தானாக க-வைச் சேர்த்துக்கொண்டே இருந்தது. வயலினை எடுத்துவிட்டால் பாட்டு வெறிச்சென்று ஆனது. கடைசியில், மென்பொருள் வாசித்ததைச் சுரம் சுரமாகத் திரையில் விரித்துப் பார்க்க ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு சுரமும் ஒரு சின்னப் பட்டை. வயலின் வரிசையில் க எங்கே இருக்கிறது என்று அவர் விரலால் காட்ட, நான் அழித்துக்கொண்டே போனேன். நெருக்கி அடைத்திருந்த ச-வையும் ப-வையும் பிரித்து, ஒன்றைக் கீழே இறக்கினேன். அவருடைய கை எப்படி விரியுமோ அப்படி.

முடித்ததும் பொத்தானை அழுத்தினேன். வயலின் முழுக்க க-வோடு திரும்ப வந்தது.

ஒவ்வொரு தடவையும் அழுத்தும்போது அந்த மென்பொருள் எல்லாவற்றையும் புதிதாக வாசிக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. காலை முழுக்கச் செய்தது போயிற்று. எனக்குக் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "போயிட்டு வா. நான் செத்த நேரம் பாக்கேன்" என்றார்.

சாயங்காலம் நான் வந்தபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். வலது கையால் மவுஸைப் பிடித்து, வயலின் வரிசையைப் பூட்டிவைக்கிற பொத்தானைக் கண்டுபிடித்திருந்தார். பூட்டிவிட்டால் அதை மென்பொருள் மாற்றாது. அழித்த சுரங்களையும் திரும்ப அழித்து முடித்திருந்தார். முகத்தைச் சவரம் செய்திருந்தார். விழுந்த பிறகு அதுதான் முதல் தடவை.

பாடினேன். ம-வில் நின்றேன். கீழே ச-வும் ப-வும் மட்டும் விரிந்து கிடந்தன. எதுவும் உரசவில்லை. அந்த நிம்மதியில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டேன். நான்கு எண்ணிக்கை முடிந்ததும், இறங்கும் இடத்துக்கென்று விட்டுவைத்திருந்த க சரியாக வந்து விழுந்தது. நான் இன்னும் ம-வில் இருந்தேன்.

"நீ எப்ப எறங்குவன்னு அதுக்கு எப்படித் தெரியும்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் தோளைக் காட்டினார். "உன் வலது தோள் எறங்கும். அதுக்குப் பொறவுதான் குரல் எறங்கும்."

பிறகு அவர்தான் சொன்னார். அந்த இடத்தில் மட்டும் மென்பொருளிலிருந்து க-வை முழுக்க எடுத்துவிடலாம். எத்தனை தடவை பல்லவி வருகிறதோ அத்தனை தடவையும். அந்த ஒரு சுரத்தைத் தானே கீபோர்டில் வலது கை விரலால் வாசிப்பதாகச் சொன்னார். அவர் மேடைக்கு வருவதாகச் சொன்னதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சரி என்றேன்.

வீட்டில் அது நன்றாகவே வந்தது. ஒரே ஒரு தொந்தரவு. தோளைப் பற்றி அவர் சொன்னதிலிருந்து என் தோள் எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

ரிசப்ஷன் அன்று பிற்பகல் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். முகூர்த்த நாள் என்பதால் தேரடிப் பக்கம் வண்டி நகரவில்லை. அவர் லேப்டாப் பையை மடியில் வைத்து, கட்டுப் போட்ட கையால் அதை அணைத்திருந்தார். மண்டபத்தில் மேடைக்கு ஏறப் போட்டிருந்தது சிமெண்டுப் படிதான். இருந்தாலும் அவர் ஏறும்போது நான் பின்னாலேயே ஏறினேன்.

மைக் செட்டுக்காரர் லேப்டாப்பை மிக்ஸரில் மாட்டியதும் ஸ்பீக்கரில் உர்ர் என்று ஒரு இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நின்றது. ஆனால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவில்லை. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் மாட்டுவது, பாடும்போது பிடுங்குவது என்று முடிவு செய்தோம். கூட்டம் வந்து உட்கார்ந்தது. முதல் சில பாட்டுகள் சங்கடமில்லாமல் போயின. அவை வேகப் பாட்டுகள். மென்பொருள் எதை வாசித்தாலும் பொருந்தியது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையின் மறுபக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாட்டை எடுத்தோம். பல்லவியில் ம-வுக்கு ஏறினேன். நின்றேன். அடியில் ச-வும் ப-வும் விரிந்து ஒலித்தன. ஓரக்கண்ணில் அவருடைய ஆள்காட்டி விரல் கட்டைக்கு மேலே நிற்பது தெரிந்தது. அவர் என் தோளைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் தோள் இறுகிவிட்டது. எப்போது இறக்க வேண்டும், முதலில் தோளா, குரலா என்று குழம்பினேன். மூச்சு குறைந்துகொண்டு வந்தது. விரல் அப்படியே நின்றது. மென்பொருள் அடுத்த கார்டுக்குப் போய்விட்டது. நான் ம-வில் நிற்க, அது வேறெங்கோ நடந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது. என் கணவர் லேப்டாப்பை நிறுத்திவிட்டார்.

என் குரல் மட்டும் மண்டபத்தில் இருந்தது. சாப்பாட்டுக்கூடத்திலிருந்து பாத்திரச் சத்தம் கேட்டது. நான் மிச்சமிருந்த மூச்சில் க-வுக்கு இறங்கினேன். துளி தாமதமாக அவர் விரல் வந்து சேர்ந்தது. பிறகு வலது கையால் மட்டும், இரண்டு இரண்டு சுரமாக, பல்லவி முடியும் வரை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சரணம் தொடங்கும் கட்டத்தைத் திரையில் தேடி எடுத்தார். என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். டிரம்ஸும் வயலினும் திரும்ப வந்தன. பாட்டு முடிந்தபோது கைதட்டினார்கள். எப்போதும் தட்டுகிற மாதிரிதான் தட்டினார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். மாப்பிள்ளையின் அம்மா எங்கே இருந்து கேட்டார் என்று கூட்டத்தில் தேடினேன். காணவில்லை. அடுத்த இரண்டு பாட்டு முடிந்த பிறகு அவர் வேர்த்து விறுவிறுத்து மேடைப் பக்கம் வந்தார்.

"ஏம்மா, அந்தப் பாட்டு இன்னும் பாடலேல்ல? சம்பந்தி வீட்டு ஆளுகளுக்குப் பந்தியில எடம் பாத்துக் குடுத்துட்டு இப்பத்தான் வாரேன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். பாடியாகிவிட்டது என்று சொல்லலாம். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை.

"இந்தா பாடுதோம்மா, இங்கயே நில்லுங்க" என்றார் என் கணவர். அந்த அம்மா மேடைக்கு நேர் கீழே வந்து நின்றார்.

என் கணவர் என் பக்கம் குனிந்தார். "மெஷின் வேணுமா, நான் மட்டும் ஒரு கையால வாசிக்கட்டா?"

அவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரே கையால் கீழே ச-வையும் ப-வையும் பிடித்துக்கொண்டு, மேலே பாட்டையும் வாசிக்க முடியாது. எனக்கு நிற்கத் தரை வேண்டும்.

"வேணும்" என்றேன். "ரெண்டும் வேணும்."

அவர் லேப்டாப்பிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினார். "என்னைப் பாக்காத. அந்த அம்மாவைப் பாத்துப் பாடு" என்றார்.

அப்படியே செய்தேன். அந்த அம்மா தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சாவிக்கொத்து இடுப்பில் தொங்க, வாய் லேசாகத் திறந்தபடி நின்றார். நான் ம-வுக்கு ஏறும்போது அவருடைய புருவமும் ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எப்போது இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. இறங்கியபோது க என் கூடவே இருந்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. மென்பொருள் அதன் கணக்கில் அடுத்த கார்டுக்கு நகர, நான் அங்கே சரியாக இருந்தேன்.

இரண்டாம் சரணத்தில் யாரோ வந்து தாம்பூலப் பை போதாது என்று அந்த அம்மாவின் காதில் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினார். பாட்டின் முடிவை அவர் கேட்கவில்லை. பேட்டரி குறைந்துவிட்டது என்று திரையில் சிவப்பு விளக்கு வந்தபோது கடைசி வரியில் இருந்தோம்.

வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் அவர் சொன்னார், "முத தடவ நிறுத்துனது சரியான்னு தெரியல."

"நிறுத்தலேன்னா நான் நிறுத்தியிருப்பேன்" என்றேன். சத்திரப்பட்டி ரோட்டுப் பிரிவு வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

அடுத்த வாரம் கட்டுப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் வெளுத்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. டாக்டர் விரிக்கச் சொன்னார். விரித்தார். வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து கீபோர்டை எடுத்து வைத்தார். சுண்டுவிரலைக் கீழ் ச-வில் வைத்து, கட்டைவிரலை நீட்டினார். க-வுக்கு இரண்டு கட்டை முன்னாலேயே நின்றுவிட்டது. வலியில் உதடு கடித்து இன்னும் நீட்டினார். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். "விடு, பாத்துக்கிடுதேன்" என்றார். ஆனால் கையை எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. என் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த, காயத்துக்குக் கட்டும் காஸ் துணிச் சுருளைக் காலையும் மாலையும் அழுத்திப் பிடித்துப் பிடித்து விடுவார். இந்தத் தடவை என் கண் முன்னாலேயே செய்தார். எட்டாமல் போன இரண்டு கட்டையில் ஒன்று திரும்பி வந்தது. இன்னொன்று வரவில்லை. வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று, நிறுத்திவைத்திருந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் பண்ணி வகுப்புக்கு வரச் சொன்னார்.

லேப்டாப்பைத் தளவாய்புரத்து நண்பர் திரும்பக் கேட்கவில்லை. கீழ்ச் சுரங்களை அது வாசிக்க, மேலே இருப்பதை இவர் வாசிக்கிறார். சில பாட்டுகளுக்கு அதை மூடியே வைத்துவிடுகிறோம். எதற்கு வைக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில் எங்களுக்குள் இன்றைக்கும் சண்டை வரும். போன வாரம்கூட வந்தது, இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பழைய பாட்டை நாங்களாக எடுப்பதில்லை. யாராவது கேட்டால் பாடுகிறோம்.